பார்வை போன நாய் இருட்டிலா இருக்கிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கும்பகோணத்தில் இருக்கிறோம். எங்கள் மணிக்குப் பத்து வயது, நாட்டு நாய். சில மாதங்களுக்கு முன்பு நிறையத் தண்ணீர் குடிக்கிறானே என்று காட்டியபோது சர்க்கரை என்றார்கள். காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் சாப்பாடு கொடுத்து இன்சுலின் போடுகிறோம். போன மாதம் இரண்டு கண்ணும் வெள்ளையாகிவிட்டது. புரை என்கிறார் இங்குள்ள டாக்டர். நாற்காலியிலும் கதவிலும் மோதிக்கொள்கிறான். சில நாள் கூடத்தின் நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறான். சில நாள் ஒன்றுமே ஆகாதவன் மாதிரி நேராக வந்து என் மடியில் தலை வைக்கிறான். வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் முழுக்கக் கழுவி பினாயில் போட்டுத் துடைப்போம். பெங்களூரிலிருந்து பையன் வந்தபோது அவனைப் பார்த்தே குரைத்தான். அப்புறம் கையை முகர்ந்ததும் முனகிக்கொண்டே வாலாட்டினான். பக்கத்து வீட்டுக்காரர், "பாவம், இருட்டில் கிடந்து தவிக்கிறான், ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள்" என்கிறார். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாலே எனக்கு அழுகை வருகிறது. உண்மையிலேயே அவன் இருட்டில்தான் இருக்கிறானா? எங்களை அவனுக்குத் தெரிகிறதா? தீபாவளி வேறு வருகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பார்வை போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக மணிக்கு அந்த ஊசி தேவையில்லை. தீராத வலி, எழுந்து நிற்க முடியாத நிலை, சாப்பாட்டையே மறந்துபோவது என்று வந்தால் அது வேறு பேச்சு. மணி சாப்பிடுகிறான், உங்கள் மடியைத் தேடி வருகிறான், பையனை அடையாளம் கண்டு முனகுகிறான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். தன் கண்ணை மூடிப் பார்த்து, தனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துச் சொல்லியிருக்கிறார். மனிதர்களுக்கு உலகம் முதலில் கண் வழியாகத்தான் வருகிறது, அதனால் நமக்கு அப்படித்தான் தோன்றும். நாய்க்கு அது மூக்கு வழியாக வருகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது பாதிக்கு மேல் உங்களுக்கே தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கண் நன்றாக இருந்த காலத்திலும் நீங்கள் பார்த்த வீட்டை மணி பார்க்கவில்லை. நம் விழித்திரையில் நிறம் பிரிக்கும் செல்கள் மூன்று வகை, நாய்க்கு இரண்டே வகை. அமெரிக்காவில் ஜே நீட்ஸ் குழுவினர் 1989இல் நாய்களைப் பழக்கிச் சோதித்து இதை உறுதி செய்தார்கள். நீலமும் மஞ்சளும் நாய்க்குத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது. புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்தை மூக்கால்தான் தேடிக் கண்டுபிடிக்கும். கூர்மையும் குறைவு. நாம் 75 அடி தூரத்திலிருந்தே தெளிவாகப் பார்ப்பதை நாய் 20 அடிக்குள் வந்தால்தான் அதே தெளிவில் பார்க்கும். மூக்குக்கு நேர் கீழே போட்ட பிஸ்கட்டைப் பல நாய்கள் முகர்ந்து தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு கிட்டத்தில் அதற்குப் பார்வை குவியாது.

பதிலுக்குச் சிலது நம்மைவிட நன்றாக வரும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால் மங்கிய வெளிச்சத்தில் நாய் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். வண்டி விளக்கில் நாயின் கண் பளிச்சிடுவதும் அதனால்தான். அசைவு என்றால் வெகு தூரத்திலேயே பிடித்துவிடும். மணி இழந்திருப்பது இதைத்தான்: தெருமுனையில் உங்கள் நடை, மதில்மேல் ஓடும் அணில், "வா" என்று நீங்கள் காட்டும் கை. இழப்பே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஓடும் முயலைக் கண்ணால் பிடித்துத் துரத்தவே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி மாதிரி இனங்களுக்கு அந்த இழப்பு இன்னும் அதிகமாகவே இருக்கும். ஆனால் இவற்றைவிட எவ்வளவோ பெரிய பங்கு மணியிடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

மூக்கைப் பற்றிச் சொல்கிறேன். மணம் உணரும் செல்கள் நமக்குச் சுமார் 50 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை சொல்கிறார்கள். அந்தச் செல்களில் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களில் வேலை செய்பவை நமக்கு 400 வாக்கில், நாய்க்கு 800 வாக்கில். எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பாக இருப்பது மூக்கின் அமைப்புதான். நாம் மூச்சு விடுகிற அதே வழியில்தான் முகர்கிறோம்; மூச்சை வெளியே விட்டதும் மணமும் போய்விடுகிறது. நாய் மூக்கில் இரண்டுக்கும் தனித்தனி வழி. உள்ளே போகும் காற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கு பிரிந்து, மூக்கின் பின்கோடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஓர் அறைக்குப் போகிறது. மிச்சம் நுரையீரலுக்குப் போகிறது. வெளிவரும் மூச்சு அந்த அறையைத் தொடுவதில்லை, அதனால் மணம் அங்கே தங்கி நிற்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாய் மூக்கின் வடிவத்தைக் கணினியில் உருவாக்கி, காற்று போகும் பாதையைப் பின்தொடர்ந்து இதைக் கண்டார்கள்.

மூக்கு நுனியைப் பக்கத்திலிருந்து பாருங்கள், துவாரத்தின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும். வெளிமூச்சு அந்தக் கீறல் வழியாகப் பக்கவாட்டில் பின்னோக்கிப் போகிறது. முன்னால் இருக்கும் மணத்தை அது கலைக்காது. ஒரு நொடிக்கு ஐந்து முறை என்ற வேகத்தில் நாய் விடாமல் முகர முடிவது இந்த அமைப்பால்தான். மேலண்ணத்தில் முன்பல்லுக்குப் பின்னால் தனியாக இன்னோர் உறுப்பும் உண்டு. வேறு நாயின் சிறுநீரை முகர்ந்துவிட்டு மணி பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டால் அந்த உறுப்பு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தது ஆணா பெண்ணா, எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலெல்லாம் அதில் வந்து சேரும்.

மணத்தில் நேரமும் இருக்கிறது. யாரோ நடந்துபோன தடம் நேரம் ஆக ஆக மங்கும், நாய் அந்த மங்கலை அளக்கும். ஒருவர் இடமிருந்து வலம் போனாரா வலமிருந்து இடம் போனாரா என்பதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற நாய்க்கு ஐந்து காலடித் தடங்கள் போதும் என்று 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐந்து காலடிக்குள் மணம் எவ்வளவு மாறியிருக்கும்! அந்தச் சின்ன வித்தியாசமே அதற்குத் திசையைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் காலையில் கொல்லைக்குப் போய் வந்தீர்களா, சற்று முன்பு போனீர்களா என்பது மணிக்குத் தரையிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள், இது மணிக்கு நேராகப் பொருந்தும். 2022இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் நாய்களின் மூளையை ஸ்கேன் செய்து நரம்புப் பாதைகளை வரைந்தார்கள். மணத்தை வாங்கும் பகுதியிலிருந்து பார்வையைக் கையாளும் பகுதிக்கு நேரடியாகவே ஒரு பாதை இருந்தது. வேறெந்த விலங்கிலும் அதற்குமுன் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார்கள். கண் போன நாய்கள் பழகிய இடத்தில் எப்படி அவ்வளவு இயல்பாக நடமாடுகின்றன என்பதற்கு இது விளக்கமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். பார்வை போன நாய்களைத் தினமும் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய செய்தி. ஆகவே நீங்கள் கேட்டதற்கு என் பதில்: மணி இருட்டில் இல்லை. எந்த அறை எங்கே, யார் எங்கே, வாசலில் யார் வந்து போனார்கள் என்பது எல்லாம் அவனுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

இப்போது அந்த பினாயிலுக்கு வருகிறேன். "சில நாள் நேராக வருகிறான், சில நாள் நடுவில் நிற்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய், வெள்ளி வீடு கழுவுகிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவன் திகைத்து நிற்கும் நாட்கள் எவை என்று இரண்டு வாரம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். கழுவிய நாளும் அதற்கு மறுநாளும்தான் அதிகம் நிற்கிறான் என்று தெரியவந்தால் எனக்கு வியப்பாக இருக்காது. மணி கூடத்தைக் கடப்பது அவன் காலடியும் உங்கள் காலடியும் தரையில் விட்ட மணத்தைப் பிடித்துக்கொண்டு. பினாயிலின் நெடி அதை முழுக்க மூடிவிடுகிறது. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வீட்டுச் சுவர்களை இடம் மாற்றி வைத்த மாதிரி அவனுக்கு ஆகிவிடுகிறது. தரையிலிருந்து அரையடி உயரத்தில் மூக்கை வைத்து நடப்பவனுக்கு அந்த நெடி எரிச்சலும் கொடுக்கும், பாதத்தில் ஒட்டியதை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல்.

கழுவ வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறும் தண்ணீரில் துடையுங்கள். அழுக்கு இருக்கும் இடத்துக்கு மட்டும் மணமில்லாத சோப்புக் கரைசலைக் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முழு வீட்டையும் துடைக்காமல் இன்று கூடம், நாளை மறுநாள் தாழ்வாரம் என்று பிரித்துக்கொண்டால் ஏதாவது ஒரு பக்கம் அவனுக்கு அடையாளம் இருந்துகொண்டே இருக்கும். அவன் படுக்கும் துணியையும் இரண்டாக வைத்து மாற்றி மாற்றித் துவையுங்கள், இரண்டையும் சேர்த்துத் துவைக்காதீர்கள். பீரோவிலும் குளியலறையிலும் அந்துருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். கண் தெரியாதவன் எல்லாவற்றையும் மூக்கை வைத்துத்தான் பார்ப்பான்; அந்துருண்டையை விழுங்கினால் நாய்க்கு விஷம்.

பார்வை போன நாய்க்காக ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு வாசனை எண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய் இரண்டுமே நாய்க்கு ஆகாது. அதோடு, உங்கள் வீட்டில் ஏற்கெனவே எல்லா அறைக்கும் மணம் இருக்கிறது. சமையலறையில் பெருங்காயம், பூஜை அறையில் கற்பூரமும் எண்ணெயும், குளியலறையில் ஈரம், வாசலில் தெருமண். அவனுக்கு அது போதும். சாம்பிராணி போடும் நாளில் மட்டும் அவனைக் காற்றோட்டமான பக்கம் உட்கார வையுங்கள்.

மூக்கு தூரத்தைச் சொல்லும், சுவரின் விளிம்பைத் துல்லியமாகச் சொல்லாது. அந்த வேலைக்கு மீசை முடியும் பாதமும் இருக்கின்றன. மீசை முடியின் வேரில் நரம்பு நிறைய. பொருளைத் தொடும் முன்பே, அதன்மேல் பட்டுத் திரும்பும் காற்றசைவைக்கூட அது உணரும். முடி வெட்டுகிறவரிடம் கொண்டுபோனால் மீசையைத் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாதத்துக்கு நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: கொல்லைப் படிக்கு முன்னால் ஒரு தேங்காய்நார் மிதியடி, வாசல்படிக்கு முன்னால் ஒன்று, தண்ணீர்க் கிண்ணத்தின் கீழே ஒரு கோணிச் சாக்கு. கால் சொரசொரப்பை உணர்ந்ததும் "இங்கே படி" என்று சில நாளில் பழகிவிடுவான். போட்ட பிறகு அவற்றை நகர்த்தாதீர்கள். நாற்காலி, சைக்கிள், தண்ணீர்க் குடம் எல்லாமே அதனதன் இடத்தில் இருக்கட்டும். விருந்தாளி வந்து போனால் நாற்காலியைத் திரும்ப அதே இடத்தில் போட்டுவிடுங்கள். கிணறு இருந்தால் மேலே வலை, மாடிப்படிக்கு ஒரு சின்னத் தடுப்புக் கதவு. இந்த இரண்டையும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

குளிர்ந்த அந்த மூக்கு நுனியைப் பற்றி 2020இல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் ஹங்கேரியின் யோத்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து மூன்று நாய்களைப் பழக்கி, 1.6 மீட்டர் தூரத்திலிருந்தே உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பான பொருளை அவை கண்டுபிடிப்பதைப் பார்த்தார்கள். மூன்றே நாய்கள் என்பதால் இதை வைத்துப் பெரிதாக எதையும் கட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாலும் மணி நேராக மடிக்கு வருகிறான் என்றால் அதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

காதுக்கு வருவோம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதுவும் வயதாக ஆகக் குறையும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். அதனால் முதலில் ஒன்றைச் சோதியுங்கள்: மின்சாரப் பிளக்கில் செருகி எலியை விரட்டும் கருவி வீட்டில் இருக்கிறதா? நமக்குக் கேட்காத சத்தத்தில் அது இரவு பகலாகக் கத்திக்கொண்டிருக்கும், மணிக்கு அது கேட்கும். கண் போன நாய்க்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. இருந்தால் கழற்றிவிடுங்கள்.

மற்றபடி உங்கள் குரல், கொலுசு, வளையல், செருப்புச் சத்தம் எல்லாமே அவனுக்கு உதவி. அறைக்குள் நுழையும்போது "மணி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழையுங்கள். தூங்குகிறவனைத் தொட்டு எழுப்பாதீர்கள். முதலில் கூப்பிடுங்கள், அப்புறம் தரையை லேசாகத் தட்டுங்கள், அசைந்த பிறகு தொடுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் திடுக்கிட்டால் கடிக்கும், அதில் அதன் தவறு ஒன்றுமில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை நிறைய உண்டு. அவற்றை வளர்க்கிறவர்கள் தரையைத் தட்டி எழுப்பும் இந்தப் பழக்கத்தைக் காலங்காலமாகக் கைக்கொள்கிறார்கள்.

பையனைப் பார்த்துக் குரைத்தது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். அங்கே என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். வேறு ஊரின் சோப்பு, வேறு சென்ட், பஸ்ஸில் ஒட்டிய புகை, புதுச் செருப்பின் சத்தம். ஒருவேளை காற்றும் எதிர்ப்பக்கம் வீசியிருக்கும். முன்பு அந்த இடைவெளியைக் கண் நிரப்பியிருக்கும்; உயரத்தையும் நடையையும் பார்த்து, "நம்ம ஆள்தான்" என்று தூரத்திலேயே முடிவு செய்திருப்பான். இப்போது மூக்கு எட்டும் தூரத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கையை முகர்ந்ததும் முனகினான் பாருங்கள், அதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். அட்லாண்டாவில் எமோரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ் 12 நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கி, ஸ்கேன் கருவிக்குள் வைத்து, பலவித மணங்களை முகரக் கொடுத்தார். தன் மணம், தெரிந்த நாய், தெரியாத நாய், தெரியாத மனிதர், வீட்டு மனிதர். மூளையில் நல்லதை எதிர்பார்க்கும் பகுதி எல்லாவற்றையும்விட அதிகமாக விழித்துக்கொண்டது வீட்டு மனிதரின் மணத்துக்குத்தான். அந்த மனிதர் அப்போது அந்த அறையிலேயே இல்லை. அடுத்த முறை பையன் வரும்போது வாசலிலேயே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், குனிந்து கையை நீட்டிவிட்டுக் காத்திருக்கட்டும். மணி தானாக வருவான்.

மூக்கைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் 9,000இலிருந்து 17 17ஆகக் குறைத்துக்கொண்டே வாய்விட்டு எண்ணச் சொன்னார்கள். அதற்கு முன்பும் பின்பும் அவர்களுடைய வியர்வையையும் மூச்சையும் துணியில் எடுத்துக்கொண்டார்கள். எது பதற்றத்துக்குப் பிறகு எடுத்தது என்பதை நான்கு நாய்கள் 720 முறையில் 675 முறை சரியாகக் காட்டின. முகத்தைப் பார்க்காமல், குரலைக் கேட்காமல், மணத்தை மட்டும் வைத்து. நீங்கள் சத்தமில்லாமல் அழுதாலும் மணிக்கு அது போய்ச் சேர்கிறது அம்மா. அழக்கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பத்து வருடம் கூடவே இருந்தவனுக்காக அழத்தான் செய்வீர்கள். ஆனால் மனம் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து அவன் பக்கத்தில் நிறைய உட்காருங்கள். தடவிக்கொடுங்கள், சீவிவிடுங்கள், வீட்டுக் கதை பேசுங்கள். அவனுக்கு என்ன ஆகுமோ என்ற கவலை மட்டுமே அவன் பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டாம்.

நடக்கக் கூட்டிப்போவதை நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிப் போடும் வார் வாங்குங்கள். எத்தனை தெரு நடந்தான் என்பதைக் கணக்கில் வைக்காதீர்கள். விளக்குக் கம்பத்தை நான்கு நிமிடம் முகர்ந்தால் நான்கு நிமிடம் நில்லுங்கள். இந்த விஷயத்தில் பலரிடமும் சண்டை போடும் அளவுக்கு நான் பிடிவாதமாக இருக்கிறேன். முகரவிடாமல் இழுத்துக்கொண்டு ஓடினால் நாய்க்கு உடற்பயிற்சி கிடைக்குமே தவிர, வெளியே போய் வந்த பயன் கிடைக்காது. நியூயார்க்கின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸும் பிரான்ஸைச் சேர்ந்த ஷார்லட் டுரான்டனும் 2019இல் ஓர் ஆய்வு செய்தார்கள். இரண்டு வாரம் முகர்ந்து தேடும் விளையாட்டு விளையாடிய நாய்கள், அதே இரண்டு வாரம் எஜமானரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகிய நாய்களைவிட நம்பிக்கையோடு இருந்தன. சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி விரைவாகப் போயின.

அந்த விளையாட்டை மணிக்கும் வையுங்கள். வேளைச் சாப்பாட்டிலிருந்தே வேகவைத்த கோழித்துண்டு நாலைந்தைத் தனியாக எடுத்து, கூடத்தில் ஒரே பக்கமாக ஒளித்து, "தேடு" என்று சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதால் அளவுக்கு மேல் ஒரு துண்டும் சேர்க்காதீர்கள். வெயிலில் கூட்டிப்போகாதீர்கள். மூச்சிரைக்கிற நாய் வாய் வழியாக மூச்சு விடும், அப்போது மூக்கால் முகர முடியாது; கண்ணும் இல்லாத மணிக்கு அது கஷ்டம். விடிகாலையில் தரை ஈரமாக இருக்கும்போது மணமும் நன்றாகக் கிடைக்கும்.

தீபாவளிக்கு இன்றே திட்டம் போட வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் அது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. நீங்கள் இன்சுலின் போடும் நேரமும் அதுவே. பயத்தில் மணி சாப்பிடாமல் இருந்து, நீங்கள் வழக்கமான அளவு ஊசி போட்டுவிட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். ஆகவே உங்கள் டாக்டரிடம் இரண்டு விஷயங்களை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் முன்பிருந்தே அரை அரை மணி நேரமாகச் சாப்பாட்டையும் ஊசியையும் முன்னால் நகர்த்தலாமா என்பது ஒன்று. அரைகுறையாகச் சாப்பிட்டாலோ சாப்பிடவே இல்லை என்றாலோ எத்தனை யூனிட் என்பது இரண்டாவது. தள்ளாட்டம், நடுக்கம், சோர்ந்து விழுவது தெரிந்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பயத்தைக் குறைக்க இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சில சர்க்கரையை ஏற்றக்கூடியவை, அதனால் கேட்கும்போதே இவனுக்கு நீரிழிவு என்பதை நினைவுபடுத்துங்கள். அசிப்ரோமசின் என்ற மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. உடம்பு அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும், வீட்டில் இருப்பவர்கள் நாய் நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு உள்ளறை ஒன்றில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு, நீங்கள் உடுத்திக் கழற்றிய புடவை ஒன்றைத் துவைக்காமல் அவன் படுக்கையில் போடுங்கள். கட்டிப்போட வேண்டாம். உங்களை ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்; அணைத்தால் பயம் கூடும் என்று சொல்வதில் உண்மை இல்லை. மறுநாள் தெருவில் வெடிமருந்து நெடி எல்லாவற்றையும் மூடியிருக்கும், மத்தாப்புக் கம்பியும் காகிதக் குவியலும் கிடக்கும். தெருவைக் கூட்டி, நெடி போகும்வரை கொல்லையிலேயே நடக்க விடுங்கள்.

கடைசியாகக் கண். சர்க்கரை கூடும்போது விழிலென்ஸுக்குள் நுழையும் குளுக்கோஸ் சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அது வெளியே வர முடியாமல் தண்ணீரை இழுத்து லென்ஸை வீங்கவைக்கிறது. அதனால்தான் நீரிழிவு வந்த நாய்களுக்குப் புரை சில வாரங்களிலேயே இரண்டு கண்ணையும் மூடிவிடுகிறது. நீங்கள் பார்த்துக்கொண்டதில் குறை இருந்ததால் வந்ததில்லை. நன்றாகக் கவனித்தாலும் பெரும்பாலான நீரிழிவு நாய்களுக்கு இது வருகிறது. ஆனால் இது அறுவைச் சிகிச்சையில் சரியாகக்கூடிய வகை. வீங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்து, விழித்திரை வேலை செய்கிறது என்று மின்பரிசோதனையில் தெரிந்தால் பல நாய்களுக்குப் பார்வை திரும்புகிறது. பத்து வயது இதற்குத் தடையில்லை. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டுங்கள். தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் லென்ஸிலிருந்து கசியும் புரதம் கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கும். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதற்குச் சொட்டு மருந்து தேவைப்படும். முடிவில் அறுவை வேண்டாம் என்று ஆனாலும் மேலே சொன்னபடி மணி நன்றாக வாழ்வான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கண் வலிக்கக் கூடாது. கண் சிவந்தாலோ, பாதி மூடியே இருந்தாலோ, நீர் வடிந்தாலோ, கண்ணைத் தரையில் தேய்த்தாலோ, தலையைத் தொடவிடாமல் விலகினாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம், அன்றே கொண்டுபோங்கள். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கலாம். சென்னைக்குப் போகும்போது ஊசி போட்ட நேரமும் அளவும் எழுதிய நோட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், வழிக்கு அவன் வேளைச் சாப்பாடு, அவன் படுக்கும் துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.